யாழ்ப்பாணத்துப் பாமசிகளில நிக்கிற ஆக்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணைமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

முழங்கால் நோவெண்டு வாற அப்புவுக்கு இபுபுரோபன் குடுக்கேக்க, நெஞ்சு வருத்தத்துக்கு அஸ்பிரினும் போடுறவரோ எண்டு ஒருக்கா கேளுங்கோ. "ரெண்டும் ஒரே இனம்தானே, ஒண்டும் செய்யாது" எண்டு கவுண்டரில சொல்லுறது வழமையாப் போச்சு. ஒரே இனம்தான், ரெண்டும் நோவையும் ரத்தம் கட்டிபடுறதையும் தூண்டுற பொருளுகளைச் செய்யிற கொக்ஸ் 1, கொக்ஸ் 2 எண்ட நொதியங்களிலதான் போய் ஒட்டுது, ஆனா வில்லங்கமே அதாலதான் வருது.

அஸ்பிரின் கொக்ஸ் 1க்குள்ள இருக்கிற செரின் எண்ட அமினோ அமிலத்தில அசெற்றைல் கூட்டத்தை ஒட்டிவிட்டிட்டுப் போயிடும், பிறகு அந்த நொதியம் எழும்பாது. ரத்தத்தைக் கட்டிபட வைக்கிற குருதிச் சிறுதட்டுக்குக் கருவும் இல்லை, புதுசாச் செய்ய ஏலாது, அதால அது இருக்கிற 8–10 நாளும் ரத்தம் கட்டிபடுறதுக்குப் பெரிசா உதவாது. ஹார்ட் அற்றாக் வந்த ஆளுக்கு வேண்டியதும் அதுதான். இபுபுரோபன் அப்பிடியில்லை, கொஞ்ச மணித்தியாலம் இருந்திட்டுக் கழண்டு போயிடும். அதை முதல் போட்டிட்டு அஸ்பிரினைப் பிறகு போட்டா, நொதியத்தின்ர வாசலை இபுபுரோபன் அடைச்சுக்கொண்டு நிக்கும், அஸ்பிரினோ 15–20 நிமிசத்திலயே ரத்தத்தில பாதியாக் குறையிற சாமான், காத்துக்கொண்டு நிக்காது, ரத்தம் கட்டிபடாமத் தடுக்கிற அதின்ர வேலையும் நடக்காமப் போயிடும்.

2001இல வந்த ஆய்வொண்டில இதைக் காட்டினவை. விசேசம் என்னெண்டா, அதே நொதியத்தில ஒட்டுற டைக்ளோபினாக் அதில இந்தக் குழப்படி செய்யேல்லை (அதுக்காக நெஞ்சு வருத்தக்காரருக்கு அதை எடுத்து நீட்டிப்போடாதேங்கோ, அதுக்கு வேற கரைச்சல் கிடக்கு). எங்க ஒட்டுது எண்டதோட எவ்வளவு இறுக்கமா, எவ்வளவு நேரம், எது முந்தி எண்டதையும் பாத்தால்தான் ரெண்டு மருந்தை ஒப்பிடலாம். கம்பஸ் பிள்ளையள் ரெண்டு வட்டம் கீறி நடுவில பொது இலக்கு எண்டு போடுற படத்தில இதொண்டும் தெரியாது.

டெங்குக் காய்ச்சலுக்கு மட்டும் அந்தப் படமே காணும், ரெண்டுமே ரத்தக்கசிவைக் கூட்டும், பரசிற்றமோல் மட்டும்தான்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006இல சொன்னது, சாதாரண (மேல் பூச்சில்லாத) அஸ்பிரின் போட்டு 30 நிமிசமாவது கழிச்சு இபுபுரோபன், இல்லாட்டி அஸ்பிரினுக்கு 8 மணித்தியாலத்துக்கு முந்தியே இபுபுரோபன். நாளாந்தம் ரெண்டும் போடுற ஆளெண்டா டொக்டரிட்டத் திருப்பி அனுப்புங்கோ. அஸ்பிரின் போட்டுக்கொண்டு எப்பவாவது மட்டும் இபுபுரோபன் எடுக்கிற ஆக்களுக்குக் குளிசைக் கவரில "அஸ்பிரினுக்குப் பிறகு, அரை மணித்தியாலம் விட்டு" எண்டு தமிழில பெரிசா எழுதிக் குடுங்கோ.