மாநாட்டு மேடையில் நம்ம ஊர் இசை எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் தொழில் சங்கத்தின் மாநில மாநாடு கடலூரில் நடந்தது. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் இரவு கலைநிகழ்ச்சி என்று ஸ்பீக்கர் அதிர சினிமாப் பாட்டுதான், அதை எந்த ஊரிலும் கேட்கலாமே!

கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லும் திருப்பாதிரிப்புலியூர் இங்கேயே இருக்கிறது, அவர் முதல் பதிகம் பாடிய திருவதிகை பண்ருட்டியை ஒட்டி இருக்கிறது, 1981 முதல் நாட்டியாஞ்சலி நடக்கும் சிதம்பரமும் இதே மாவட்டம்தான். மறுநாள் காலை கோவை நண்பரைப் பாடலீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் கைத்தாளம் தட்டிப் பாடத் தொடங்கியதும், கழுத்தில் மாநாட்டு அட்டையோடு அப்படியே நின்றுவிட்டார், முதல் அமர்வுக்கு நாங்கள் போய்ச் சேரவே இல்லை.

அடுத்து இங்கே மாநாடு நடத்துகிறவர்கள் தொடக்க விழாவில் நாதஸ்வரத்துக்கும் ஓதுவாருக்கும் அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். அப்புறம், சால்வையோடு நிறுத்தாமல் சரியான சன்மானமும் கொடுங்கள்.

– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்