எஸ்டிமேட்டில் ஏன் இத்தனை பெயர்கள்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வரும் தை முகூர்த்தங்களிலிருந்து எங்கள் ஸ்டுடியோவின் எஸ்டிமேட் தாள் மாறுகிறது. இதுவரை போட்டோ, வீடியோ, ஆல்பம் என்று மூன்று வரியில் முடிந்த தாளில், இனி லைட் பிடிப்பவர், கேமராவின் மெமரி கார்டைக் காப்பி எடுப்பவர், ஆல்பம் டிசைனர், டிரைவர் என ஒவ்வொருவரின் பெயரும் கூலியும் தனி வரியாக இருக்கும். மொத்தத் தொகையில் மாற்றம் இல்லை. ஆல்பத்தின் பின்னட்டையில் எங்கள் ஸ்டுடியோ பெயர் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் படங்கள் யார் யார் தயவில் வந்தன என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம்.

முதலில் லைட் பிடிப்பவர். சேலத்து மாப்பிள்ளை பெரும்பாலும் வெண்பட்டு வேட்டி சட்டையில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பெண் அரக்கு நிறப் பட்டில். கேமராவுக்கு இதைவிடச் சிரமமான சேர்க்கை இல்லை. புடவைக்குத் தக்கபடி வெளிச்சம் வைத்தால் வெண்பட்டின் மடிப்பும் சரிகைக் கரையும் வெளுத்துவிடும். வேட்டிக்குத் தக்கபடி வைத்தால் புடவை கறுத்துவிடும். கறுத்ததை ஓரளவு தூக்கிவிடலாம், முழுக்க வெளுத்த இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அங்கே எதுவும் பதிவாகியிருக்காது. அதனால் அவர் பெண் பக்கமாக நின்று, லைட்டைத் தலைக்கு மேலே உயர்த்திச் சாய்த்துப் பிடிப்பார். மாப்பிள்ளை மேல் வெளிச்சத்தின் ஓரம் மட்டும் படும். ஓமப் புகை கிளம்பியதும் பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடுவார். நேர் எதிரிலிருந்து அடித்தால் புகைதான் வெள்ளைத் திரையாகப் பதிவாகும். கையைத் தூக்கியபடியே மணிக்கணக்கில் நிற்கும் வேலை இது. மாப்பிள்ளை சட்டையின் மடிப்பு உங்கள் ஆல்பத்தில் தெரிகிறதென்றால் அதற்கு நன்றி அவருக்கே.

மண்டபத்து எலெக்ட்ரீஷியன் எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாதவர், ஆனாலும் அவர் இல்லாமல் வீடியோ இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வீதம் தரம் குறைந்த எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடியில் இல்லாவிட்டால் வீடியோவில் கறுப்புப் பட்டை ஓடும். எந்த விளக்கு துடிக்கும் என்று முந்தின மாலையே காட்டிக் கொடுப்பவர் அவர்தான். சமையல்கட்டு கிரைண்டர் ஓடும் லைனில் எங்கள் லைட்டைச் சேர்க்காமல், தனி 15 ஆம்பியர் பிளக் ஒதுக்கிக் கொடுப்பதும் அவர்தான். ஒரே லைனில் போட்டால் சட்னி அரைக்கும் நேரத்தில் மேடை இருண்டுவிடும்.

தாலி கட்டும் நேரம் ஒரு நிமிடம்கூட இராது, திரும்ப எடுக்கவும் முடியாது. கெட்டிமேளத்துக்கு நாதஸ்வரக்காரர் ஐயரின் கையைத்தான் பார்ப்பார். நாங்கள் பார்ப்பதும் அதே கையை. அந்தக் கை உயர்ந்த நொடியில் அட்சதை பறக்கும், சொந்தங்கள் எழுந்துவிடுவார்கள், பறக்கும் அரிசி மேல் ஃபோகஸ் தாவிவிடும். அதற்கு முன்பே "மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கோம்மா" என்று பெண்ணிடம் சொல்லும் ஐயரால்தான் முடிச்சு படத்தில் விழுகிறது. கொங்கு வீட்டுத் திருமணங்களில் சடங்குகளை நடத்திவைக்கும் பெரியவரான அருமைக்காரர் இதே உதவியைச் செய்கிறார். மாப்பிள்ளையோடு அவர் சகோதரியை வைத்துச் செய்யும் இணைச்சீர் எந்தப் பக்கம் பார்த்து நடக்கும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேமரா சரியான இடத்தில் காத்திருக்கும்.

மேக்கப் கலைஞர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். சில வகை வெள்ளைப் பவுடர் கண்ணாடியில் நன்றாகத் தெரியும், ஃபிளாஷ் பட்டதும் முகத்தில் திட்டாக மின்னும். பழகிய கலைஞர் பவுடர் போட்டதும் "ஒரு ஃபிளாஷ் அடிச்சுப் பாருங்க" என்று அவரே கூப்பிடுவார். ஏசி அறையில் குளிர்ந்த லென்ஸ், கூட்டமும் சமையல் ஆவியும் நிறைந்த ஹாலுக்கு வந்தால் பனித்துப்போகும் என்பதால், மேக்கப் முடிய அரைமணி இருக்கும்போதே ஒரு கேமராவை வெளியே அனுப்பச் சொல்லிவிடுவார்.

ஏற்காடு மலையில் படம் எடுக்கும் நாட்களில் கேமராவையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு டிரைவருடையது. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டாண்டுகள் சரியாமல் ஓட்டுவது ஒரு பாதி. எந்த நேரத்தில் மூடுபனி ஏறும், பகோடா பாயிண்ட் என்னும் காட்சி முனையில் எப்போது வெளிச்சம் பள்ளத்தாக்கை விட்டு விலகும் என்று தெரிந்து கிளம்பச் சொல்வது மறுபாதி. மலையின் குளிரில் இருந்த கேமராவைச் சேலத்துக்கு இறங்கியவுடன் பையிலிருந்து எடுக்கவிட மாட்டார். மூடிய பைக்குள்ளேயே அரைமணி இருந்தால் கண்ணாடியில் ஈரம் படியாது.

கல்யாணம் முடிந்து எல்லோரும் தூங்கும்போது ஒருவர் கார்டுகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுப்பார். கார்டில் உள்ள ஃபைல் எண்ணிக்கையும் டிஸ்க்கில் உள்ளதும் ஒத்துப்போகும்வரை எதையும் அழிக்க மாட்டார். ஒரு டிஸ்க் ஸ்டுடியோவில், மற்றது வேறொரு வீட்டில். இந்த வேலை சரியாக நடந்தால் யார் கண்ணிலும் படாது, அதனாலேயே இதை எஸ்டிமேட்டில் எழுதுகிறோம்.

பிறகு டிசைனர். ஆல்பத்தின் ஒரு பக்க ஜோடியை விரித்தால் 12க்கு 36 அங்குலம், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3600க்கு 10800 பிக்சல். நடு மடிப்பில் எந்த முகமும் விழக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை இந்த அளவுக்கு இழுத்தால் கரைந்துவிடும், ஆகவே அசல் ஃபைலைக் கேட்டுத் தொல்லை செய்வார், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அப்போது இவரும் பைண்டிங் செய்பவரும் வேலையோடு இருப்பதற்குக் காரணம், படத் தேர்வை நேரத்தில் முடித்துத் தரும் வீட்டார்தான். அவர்களுக்குத் தனியாக நன்றி.

வீட்டார் பக்கத்திலிருந்தும் ஒருவரை எதிர்பார்க்கிறோம். தாய்மாமன் யார், பெரியப்பா யார் என்று எங்களுக்குத் தெரியாது. மேடைக்கு வரவேண்டியவர்களைப் பெயர் சொல்லி அழைத்து வரும் ஒரு அத்தையோ சித்தப்பாவோ இருந்த வீடுகளில், குரூப் போட்டோவில் ஆள் விட்டுப்போன குறை அநேகமாக வந்ததில்லை. அவர் பெயரையும் போன் எண்ணையும் எழுத எஸ்டிமேட்டின் அடியில் ஒரு கட்டம் விட்டிருக்கிறோம்.

இன்னொரு கட்டம் சாப்பாட்டுக்கு. எங்கள் குழுவில் எத்தனை பேர் என்று அதில் எழுதித் தருவோம். முகூர்த்தம் முடிந்ததும் லைட் பிடிப்பவரை முதலில் பந்திக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த வரிசை குரூப் போட்டோ தொடங்குவதற்குள் அவர் திரும்பிவிடுவார்.

நன்றியுடன்,
ஸ்டுடியோ குழுவினர்,
சேலம்