ஓட்டிப் பார்க்காதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. 2024 முடியப் போகிறது. இந்த வருஷம் எனக்குப் பிடித்த படங்களைப் பற்றிப் போனில் சொல்ல ஆரம்பித்தால் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதாகச் சொன்னாயே, அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் வேறு என்ன செய்வாய், புரிகிறது. ஆனால் நான் சொல்லப் போகும் படங்களை அப்படிப் பார்த்துவிடாதே. கதை தெரிந்துவிடும், ஆனால் படம் பார்த்ததாக ஆகாது.

முதலில் மெய்யழகன். நீடாமங்கலம் என்ற பெயரைக் கேட்டதுமே உங்கள் அப்பா தியேட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ரயில்வே கேட்டில் நாம் காத்துக் கிடந்த ஊருக்கு ஒரு முழுப் படமா என்று அவருக்குத் தாங்கவில்லை. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து, 1996இல் மெட்ராஸுக்குப் போய்விட்ட குடும்பத்துப் பையன் அருள்மொழி. அரவிந்த்சாமி நடித்திருக்கிறார். வருஷக்கணக்காக ஊர்ப் பக்கமே தலைவைக்காமல் இருந்துவிட்டு, தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்காக வருகிறார். முகத்தைக் காட்டிவிட்டு ராத்திரியே திரும்பிவிடுவதாகத் திட்டம். அங்கே கார்த்தி, 'அத்தான், அத்தான்' என்று உருகிக்கொண்டு கூடவே வருகிறார். இவர் யார், பெயர் என்ன என்று அருளுக்கு ஞாபகமே வரவில்லை. கேட்கவும் கூச்சம். பஸ்ஸை விட்டுவிட்டு, அந்த வீட்டிலேயே தங்கி, விடிய விடியப் பேசுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

படம் வந்த சில நாட்களிலேயே, நீளமாக இருக்கிறது என்று சொல்லி, ஏறக்குறைய 18 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். கல்யாண வீட்டில் கைகழுவியதும் கிளம்புகிறவர்களும் உண்டு, பந்தல் பிரிக்கும்வரை உட்கார்ந்து பேசுகிறவர்களும் உண்டு. இயக்குநர் பிரேம்குமார் இரண்டாவது வகைக்காரர்களுக்காக எடுத்த படத்தை முதல் வகைக்காரர்களுக்காக ஏன் குறைக்க வேண்டும்? பெயர் தெரியாத சங்கடம் அருளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குற்ற உணர்வாக மாறுகிறது. அதற்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். மணமேடையில் அவர் தங்கைக்குக் கொலுசு போட்டுவிடும் இடத்தில் நான் அழுதேன். ஊரைவிட்டுப் போகும்போது கமல் குரலில் வரும் பாட்டுக்கு அப்பா அழுதார். அந்தப் பழைய சைக்கிளின் கதையை மட்டும் உன்னிடம் சொல்ல மாட்டேன். நீயே பார்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் வந்தது லப்பர் பந்து. தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படமாம், நம்பவே முடியவில்லை. ரப்பர் பந்து கிரிக்கெட்டில் மாமனாருக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும் வீம்பு. விஜயகாந்த் காலமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமனாராக வரும் கெத்து தினேஷ் மட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்போது விஜயகாந்த் படப் பாட்டான 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலித்ததும் தியேட்டரே எழுந்து நின்று கூடப் பாடியது. எனக்கு என்னவோ படம் அவர் மனைவி யசோதையுடையதுதான். சுவாசிகா நடித்திருக்கிறார். சாதி பார்க்காமல் காதலித்துக் கட்டிக்கொண்ட புருஷன் வீட்டையும் வேலையையும் மறந்து மைதானத்திலேயே கிடந்தால் ஒருத்திக்கு எப்படி வயிறெரியும் என்று அவர் கண்ணே சொல்லிவிடுகிறது. இதை நீ கூட வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து பார். தனியாகப் பார்க்கிற படமில்லை.

தம்பிக்கு மகாராஜா, அப்பாவுக்கு அமரன். இரண்டும் நல்ல படங்கள்தான். அவற்றைப் பற்றி அவர்களே உனக்கு நிறையச் சொல்லியிருப்பார்கள்.

வாழையை மனசு தெம்பாக இருக்கும் நாளில் பார். மாரி செல்வராஜ் தன் சிறுவயது வாழ்க்கையிலிருந்து எடுத்தது. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிற பையன், லீவு நாளில் மட்டும் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். கழுத்து வலியை நினைத்தே லீவு வருவதை வெறுக்கிறான். பூங்கொடி டீச்சரைப் பார்த்தால் அவன் முகம் மலர்கிறதே, முன்பாதி முழுக்க அந்தச் சிரிப்புதான். தாருக்கு ஒரு ரூபாய் கூலியை உயர்த்திக் கேட்கிறார்கள். கொடுப்பதாக ஒத்துக்கொள்கிற வியாபாரி, அந்தச் செலவை ஈடுகட்ட ஆட்களுக்குத் தனி வண்டி விடாமல், லோடு லாரியின் மேலேயே ஏற்றி அனுப்புகிறான். மேற்கொண்டு நான் சொல்லவில்லை. பிள்ளை பசியோடு இருப்பதைப் பார்த்த எந்தத் தாயாலும் அந்தக் கடைசிக் காட்சியைத் தாண்டி வர முடியாது.

உனக்கென்றே எடுத்த மாதிரி ஒரு படமும் இருக்கிறது. பாயல் கபாடியா எடுத்தது. மலையாளத்தில் 'பிரபயாய் நினச்சதெல்லாம்' என்று பெயர். 30 வருஷங்களுக்குப் பிறகு கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போன இந்தியப் படம் இதுதான். போய் கிராண்ட் பிரீ விருதும் வாங்கி வந்தது. மும்பையில் நர்ஸாக வேலை பார்க்கும் பிரபா, அனு என்ற இரண்டு மலையாளப் பெண்கள். பிள்ளைகள் போதும் என்று வந்து நிற்கும் ஒரு சின்னப் பெண்ணுக்கு, அனு சத்தமில்லாமல் கருத்தடை மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறாள். நீயும் அப்படித்தான் செய்வாய் என்று நினைத்துக்கொண்டேன். பிரபாவின் புருஷன் இருப்பது ஜெர்மனியில். நீ இருக்கிற அதே ஜெர்மனி! போன் இல்லை, கடிதம் இல்லை. திடீரென்று ஒரு ரைஸ் குக்கர் மட்டும் பார்சலில் வருகிறது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு பிரபா தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொள்கிறாள். வசனம் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருக்கிறாளோ அவ்வளவு நேரமும் நாமும் கூட இருக்க வேண்டும். ஓட்டிவிட்டால் அது வெறும் குக்கர்தான்.

கடைசியாகக் கொட்டுக்காளி. வாழை வந்த அன்றே, ஆகஸ்ட் 23இல் வந்தது. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. கங்குவா வந்தபோது சத்தம் தாங்கவில்லை என்று எல்லோரும் சொல்லி, தியேட்டர்களில் ஒலியைக் குறைக்கச் சொன்னார்கள். இந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், சேவல், காற்று, சூரியின் கரகரத்த தொண்டை, அவ்வளவுதான். வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். சூரி நடித்திருக்கும் பாண்டிக்கு அவளைக் கட்டிவைப்பதாகப் பேச்சு. வழி முழுக்க ஆண்கள் கத்துகிறார்கள். மீனாவாக வரும் அன்னா பென் அநேகமாக வாயே திறப்பதில்லை. வழியை மறித்து நிற்கும் காளைக்கு அத்தனை ஆண்களும் பயந்து நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிப் போகிறாளே, அந்த இடத்தில் நான் கைதட்டிவிட்டேன். இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் எதையும் விளக்குவதில்லை. நமக்குப் புரியும் என்று நம்புகிறார், அதனாலேயே இந்த வருஷத்துப் படங்களில் எனக்கு முதலிடம் இதற்குத்தான்.

தியேட்டரில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள், 'என்ன, முடிஞ்சிருச்சா?' என்று கேட்டார்கள். இயக்குநர் முடிவை நம்மிடம் விட்டுவிட்டார். சாமியாடியிடம் இன்னொரு பெண் படும் பாட்டைப் பாண்டி பார்க்கிறான். அதற்குப் பிறகு அவன் மீனாவை உள்ளே அழைத்துப் போயிருப்பான் என்கிறார் அப்பா. இல்லை, வண்டியைத் திருப்பியிருப்பான் என்கிறேன் நான். அவன் முகத்தில் அது தெரிந்தது. லீவு கிடைக்கும் அன்று பார்த்துவிட்டு, உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது.

அன்புடன்,
அம்மா