தவிடு தின்னும் கன்றுக்கும் வைக்கோல் தின்னும் கன்றுக்கும் ஒரே அளவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்று வளர்ப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பால்குடி மறந்த எல்லாக் கன்றுகளுக்கும் நாள்தோறும் ஒரே அளவு தாது உப்புக் கலவையைக் கொடுக்கச் சொல்கிறது. கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கன்று என்ன தின்கிறது என்று கேட்காமலே அளவைச் சொல்லி முடித்திருப்பதுதான் என்னை எழுத வைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து மாதக் காளைக்கன்று ஒன்றுக்குத் தவிட்டைத் தாராளமாக வைத்து, அதன்மேல் பாஸ்பரஸ் மிகுந்த கலவையையும் நாள் தவறாமல் தூவி வந்தேன். ஒரு நாள் விடியற்காலையில் அது முதுகை வளைத்து, வாலைத் தூக்கி, முக்கிக்கொண்டே நின்றது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. குறியின் நுனி மயிரில் மணல் ஒட்டியதுபோல வெண்துகள்கள் படிந்திருந்தன. பல நாளாக அவற்றைப் பார்த்தும், அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிட்டிருந்தேன். சிறுநீர்க்கல் அடைப்பு என்றார் மருத்துவர். அறுவை செய்தும் கன்று பிழைக்கவில்லை.

உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடும் பாஸ்பரஸில் ஏறத்தாழ 80 விழுக்காடும் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கின்றன என்பதால், வளரும் கன்றுக்கு இரண்டும் வேண்டும். ஆனால் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸுக்குச் சமமாகவோ இரு மடங்கு வரையிலோ இருக்க வேண்டும். பாஸ்பரஸ் மிஞ்சினால் அது சிறுநீரில் கல்லாகப் படியும்; என் கன்றுக்கு நேர்ந்தது அதுதான். தவிட்டிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஆகவே தவிட்டை நம்பி வளரும் கன்றுக்குத் தேவை தீவனத்துக்குரிய சுண்ணாம்புக்கல் தூளும், உப்பும், எப்போதும் நிறைந்த தண்ணீர்த் தொட்டியும்தான். வைக்கோலையும் காய்ந்த புல்லையும் மட்டுமே தின்று, கிடந்த எலும்பைக் கவ்வித் திரியும் கன்றுக்கோ பாஸ்பரஸ்தான் பற்றாக்குறை. இரண்டுக்கும் ஒரே கரண்டி எப்படிப் பொருந்தும்?

தாமிரம், செலினியம் போன்ற, மிகச் சிறிதளவே தேவைப்படும் நுண்தாதுக்களில் இன்னும் கவனம் வேண்டும். கருங்கன்றின் மயிர் செம்பட்டையாகி, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல வெளுத்தால் தாமிரக் குறைவோ என்று ஐயுறலாம். ஆனால் அந்தத் தாமிரமே அளவு மிஞ்சினால் ஈரலில் சேர்ந்துகொண்டே போய், திடீரென ஒரு நாள் சிவந்த சிறுநீராக வெளிப்பட்டு உயிரைப் பறிக்கும். செலினியமோ, ஈரத்தைக் கழித்துக் கணக்கிட்ட ஒரு கிலோ தீவனத்துக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் வரை போதும். குத்துமதிப்பாக அள்ளிப் போடும் பொருள்களல்ல இவை.

கட்டுரை தொடாத இன்னொன்றும் உண்டு. பாலில் இரும்பும் தாமிரமும் மிகக் குறைவு. பிறந்த கன்று முதல் வாரங்களை ஓட்டுவது, கருவிலிருக்கும்போதே தன் ஈரலில் சேர்த்துக்கொண்ட இருப்பைக் கொண்டுதான். சினை மாட்டுக்குக் கலவையை நிறுத்திவிட்டுக் கன்றுக்கு மட்டும் கொடுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

அடுத்த இதழிலேனும் தவிடு, வைக்கோல், அவரையினப் பசுந்தீவனம் எனத் தீவன வாரியாக எந்தக் கலவை, எவ்வளவு என்று ஒரு கால்நடை ஊட்டச்சத்து வல்லுநரைக் கொண்டு எழுதச் செய்யுமாறும், கலவைப் பையின் மேல் அச்சிட்டிருக்கும் சுண்ணாம்பு, பாஸ்பரஸ் விழுக்காடுகளைப் படிக்கும் முறையையும் அதில் விளக்கச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கன்று வளர்க்கும் வாசகர்