மறுப்பு எப்போது பரவுகிறது?

அன்புள்ள சுந்தரம்,

கண் அறுவைக்குப் பிறகு சிறிய எழுத்தையும் வாசிக்க முடிகிறது என்று நீ எழுதியிருந்தது நிம்மதி அளித்தது. கண் தெளிந்த கையோடு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தோடு வந்த வதந்திக்கு மறுப்பு எழுதியது உன் இயல்புக்குப் பொருத்தமே. அதை ஒருவரும் பகிரவில்லை என்ற உன் வருத்தமும் புரிகிறது.

2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் உலவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளைப் பரிசீலித்தது. 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் பிடித்ததாம். பொய்யில் இருந்த புதுமை அதற்கு ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். உன் மறுப்பிலோ ‘இது பொய், நம்பாதீர்கள்’ என்பதற்கு மேல் புதிதாக எதுவும் இல்லை.

வெறும் மறுப்பு மனத்தில் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. 1994இல் ஜான்சன், சைஃபர்ட் என்ற இரு உளவியலாளர்கள், கிடங்குத் தீவிபத்து பற்றிய கற்பனைச் செய்தி ஒன்றைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அலமாரியில் பெயின்ட்டும் எரிவாயு உருளைகளும் இருந்ததாக முதலில் சொல்லி, பின்னர் அலமாரி காலியாகவே இருந்தது என்று திருத்திய பிறகும், படித்தவர்கள் தீக்கு அவற்றையே காரணம் காட்டினார்கள். யாரோ வேண்டுமென்றே தீ வைத்ததற்கான தடயங்களைச் சொன்னபோதுதான் பழைய விளக்கத்தின் பிடி தளர்ந்தது. எனவே, அந்தப் படம் உண்மையில் எங்கே, எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது, எந்தப் பகுதி வெட்டப்பட்டது என்று நீ காட்டியிருந்தால், மறுப்பே பிறரிடம் சொல்லத் தக்க செய்தியாகியிருக்கும்.

மறுத்தால் வதந்தி மேலும் வலுக்கும் என்று தயங்காதே. அந்த அச்சத்தைப் பிந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் உறுதிப்படுத்தவில்லை. மறுப்பு தனியே பயணம் செய்யும் என்பதை மட்டும் மறவாதே: முந்தைய பதிவைப் பார்க்காதவருக்கும் புரிய வேண்டும், சுட்டியைத் திறக்காமலே விஷயம் தெரிய வேண்டும்.

இன்னொன்று, கூச்சம். உன் மறுப்பைப் பகிர்பவர், வதந்தியை அனுப்பியவரைக் குழுவின் முன் தலைகுனிய வைத்தவராகிறார். அந்தப் பழியை யார் ஏற்பார்? (நம் நண்பர்களின் மௌனத்தில் பாதி இதுதான் என்பது என் ஊகம்.) அனுப்பியவரிடமே தனியாகப் பேசி, திருத்தத்தை அவர் கையாலேயே குழுவில் இடச் செய்தால், தயக்கமின்றிப் பலர் அதை மேலும் அனுப்புவார்கள். அவர் இணங்காவிட்டால், அவருக்கு நெருங்கிய ஒருவரைச் சொல்லச் சொல். அந்தப் படத்தின் மூலப் பிரதி கிடைத்ததும் எனக்கும் அனுப்பு. என் குழுவிலும் அது வந்திருக்கிறது.

அன்புடன்,
ராகவன்