330ஐ-யா, ஜிடிஐ-யா: நொடிக்கணக்கு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரத் தங்கள் இதழில் வெளியான வாசகர் கேள்வியையும் அதற்குத் தரப்பட்ட பதிலையும் படித்தேன். சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்லாங்காவுக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் இளைஞர் ஒருவர், 2004-ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 330ஐ ஒன்றும் 2007-ஆம் ஆண்டு கோல்ஃப் ஜிடிஐ ஒன்றும் ஏறத்தாழ ஒரே விலைக்கு வந்திருப்பதாகவும், இரண்டும் மேனுவல் கியர் வண்டிகள் என்றும் சொல்லி, தினசரி ஓட்டத்திற்கு எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தார். பதில் எழுதியவர் இரண்டின் எஞ்சின் திறனையும், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆகும் நொடிகளையும் ஒப்பிட்டு, பிஎம்டபிள்யூவே மேல் என்று முடித்துவிட்டார். டர்பனில் மோட்டார் உதிரிபாகக் கடையொன்றில் பல்லாண்டுகள் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று, எந்த வண்டிக்கு எந்தப் பாகம் கேட்டு ஆட்கள் வருகிறார்கள் என்பதைப் பார்த்தே காலம் கழித்தவன் நான். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

முதலில் பிஎம்டபிள்யூவுக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுகிறேன். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 170 கிலோவாட், 300 நியூட்டன்மீட்டர்; காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டும் டர்போ கிடையாது; வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங்குக்குப் பெல்ட் இல்லாமல் செயின். ஜிடிஐ-யில் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், 147 கிலோவாட். நம்மூர் கடல்மட்டத்தில் இருப்பது 330ஐ-க்கு இன்னும் சாதகம். 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஜோஹானஸ்பர்க்கில் காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தில் ஆறில் ஒரு பங்கையாவது இழந்துவிடும். டர்போ வண்டி அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்ளும். அங்கே சமமாகத் தெரியும் இந்த இரண்டு வண்டிகளையும் இங்கே ஓட்டிப் பார்த்தால் பிஎம்டபிள்யூ முந்துவது நிச்சயம். பதிலளித்தவர் சொன்ன நொடிக்கணக்கில் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

ஆனால் கேட்டவர் பந்தயத்திற்கு வண்டி தேடவில்லை. காலையில் ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் ஊர்ந்து, என்2-இல் சேர்ந்து, மாலையில் அதே நெரிசலில் திரும்புகிறவர் அவர். ஜனவரி, பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் அந்த வரிசையில் நிற்கும் இருபது வயதைத் தாண்டிய எஞ்சினுக்கு முதல் எதிரி வெப்பம். 330ஐ-யின் பலவீனமும் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகள், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் நிற்கும் எக்ஸ்பேன்ஷன் டேங்க், ஹோஸ்களின் இணைப்புகள், தெர்மோஸ்டாட்டின் உறை எல்லாமே பிளாஸ்டிக். ஓடிய தூரம் ஒருபுறம் இருக்க, ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறியே அந்தப் பிளாஸ்டிக் இறுகி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. எக்ஸ்பேன்ஷன் டேங்கைக் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். தையல் ஓரத்தில் தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு, அதையொட்டிக் காய்ந்த கூலன்டின் வெளிறிய பொருக்கு, ஹோஸ் மாட்டும் கழுத்தை விரலால் அழுத்தினால் கையோடு வரும் ஒரு துண்டு. முந்தைய நாள்வரை அந்த வண்டியில் ஒரு சொட்டுக்கூட ஒழுகியதில்லை என்று உரிமையாளர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பல நவீன வண்டிகளைப் போலவே இதிலும் வெப்பமானியின் முள், எஞ்சின் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. முள் நகர்வதை ஓட்டுகிறவர் கவனிக்கும்போது காலம் கடந்திருக்கலாம். அலுமினிய எஞ்சின் ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் சிலிண்டர் ஹெட் வளையும். ஹெட் போல்ட்டுகள் பிடித்திருக்கும் மரை பிளாக்கிலிருந்தே உரிந்து வந்துவிடுவதும் உண்டு. அதைச் சரிசெய்ய ஆகும் செலவு, பல வேளைகளில் வண்டி வாங்கிய விலையை எட்டிப்பிடிக்கும்.

ஜிடிஐ-க்கும் உயிர்நிலையில் குறை இருக்கிறது. இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த எஞ்சினில் பெட்ரோலை உயர் அழுத்தத்தில் செலுத்தும் பம்ப், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டின் முனையால் இயக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே, தையற்காரர் விரலில் மாட்டும் உறையின் அளவில் ஓர் எஃகுக் கிண்ணம் இருக்கும். கேம் ஃபாலோயர் என்பார்கள். அதன் முகத்தில் பூசிய கறுப்புப் பூச்சு முதலில் தேயும், பிறகு வெள்ளி வட்டம் தெரியும், கடைசியில் நடுவில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த பிறகும் ஓட்டினால் பம்பின் தண்டு கேம்ஷாஃப்ட்டையே அராவிவிடும்; ஒரு சின்னக் கிண்ணத்துக்குப் பதில் பம்ப்பும் கேம்ஷாஃப்ட்டும் வாங்க வேண்டிவரும். அடுத்தது டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும்.

கேட்பதற்கு இது பிஎம்டபிள்யூவின் குறையைவிடப் பயங்கரமாக இருக்கலாம். ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். கேம் ஃபாலோயரைக் கண்ணால் பார்க்கலாம். எரிபொருள் அழுத்தத்தை முறைப்படி இறக்கிவிட்டு, கியர்பெட்டிப் பக்கம் இருக்கும் பம்ப்பின் மூன்று போல்ட்டுகளைக் கழற்றினால் அது கையில் வந்துவிடும். அந்த வண்டியை அறிந்த மெக்கானிக் ஒருவர் ஒரு மணி நேரத்துக்குள் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டிவிடுவார். கறுப்பாக இருந்தால் நிம்மதி. தேய்ந்திருந்தால் புதியது மலிவு. ஓட்டையாக இருந்தால் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடலாம். பெல்ட் மாற்றியதற்குப் பட்டியல் ரசீது இருக்கிறதா, இல்லையா என்பதும் ஒரே கேள்வி. இல்லையென்றால் வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். பிஎம்டபிள்யூவின் பிளாஸ்டிக்கோ, இன்று பளபளவென்று இருந்துவிட்டு அடுத்த மாதம் என்2-இல் வெடிக்கலாம். எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக்காலும் அதை வெளியிலிருந்து பார்த்து உத்தரவாதம் தர முடியாது. பழைய வண்டி வாங்குகிறவருக்கு, பணம் கைமாறுவதற்கு முன்பே குறையைக் கண்டுபிடிக்க முடிகிற வண்டியே பாதுகாப்பானது என்பது என் கட்சி. அந்த அடிப்படையில் நான் ஜிடிஐ பக்கம்.

அதற்காக 330ஐ வாங்கவே கூடாது என்று பொருளில்லை. ரேடியேட்டர், எக்ஸ்பேன்ஷன் டேங்க், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ்கள் ஆகிய அனைத்தையும் வாங்கிய முதல் வாரத்திலேயே மொத்தமாக மாற்றும் பணத்தைத் தனியே எடுத்துவைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம். அதன் பிறகு அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் நன்றாக உழைக்கும். ஆனால் வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின் அச்சைத் தாங்கும் சப்ஃப்ரேம் உடலோடு பூட்டப்பட்டிருக்கும் இடங்களில் தகடு விரிசல் விட்டிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஜிடிஐ-யில் பிடிக்காத இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் உள்ளிழுக்கும் வால்வுகளின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. அங்கே கரி படிந்து, காலையில் எஞ்சின் தடுமாறும். இக்னிஷன் காயில்களும் அவ்வப்போது போகும். இவையெல்லாம் எரிச்சலூட்டும் செலவுகள். வண்டியைக் குப்பைக்கு அனுப்பும் செலவுகள் அல்ல.

எரிபொருளைப் பற்றிப் பதிலில் ஒரு வரிகூட இல்லாதது வியப்பளித்தது. தயாரிப்பாளர் கணக்குப்படி ஜிடிஐ 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 லிட்டர், 330ஐ 9 லிட்டருக்குச் சற்று மேல். நெரிசலில் இரண்டும் இதைவிட அதிகமாகவே குடிக்கும், பிஎம்டபிள்யூ இன்னும் கூடுதலாக. மாதத்தின் முதல் புதன்கிழமை எரிபொருள் விலை மாறும்போதெல்லாம் முணுமுணுக்கும் நாம் இதை ஒதுக்கிவிட முடியாது. டயரிலும் வேறுபாடு உண்டு. ஜிடிஐ-யில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு. ஸ்போர்ட் சக்கரம் பூட்டிய 330ஐ-யில் பின்டயர் முன்டயரைவிட அகலமானது. முன்னையும் பின்னையும் மாற்றிப்போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்த வழியில்லை. இடவசதியில் செடானின் டிக்கி பெரிதுதான், ஆனால் ஜிடிஐ-யின் பின் இருக்கையை மடக்கினால் தைப்பூசத்துக்குக் காவடிச் சட்டத்தையே ஏற்றிவிடலாம். இதை ஒரு வாதமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதலில் எழும் கேள்வி அதுதான் என்பதால் சொன்னேன்.

உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலை இரண்டுக்கும் வேண்டியதில்லை. 1973 முதல் ரோஸ்லினில் பிஎம்டபிள்யூ ஆலை இருக்கிறது. அந்தத் தலைமுறை 3 சீரிஸ் அங்கேயே தயாரானது. இன்று கரியேகா என்று அழைக்கப்படும் ஊட்டன்ஹேக்கிலிருந்து ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் எத்தனையோ தலைமுறையாக வந்துகொண்டிருக்கின்றன. ஸ்கிராப்யார்டுகளிலும் இரண்டும் நிறையக் கிடைக்கும். ஆனால் குளிரூட்டும் பாகங்களையும் பெல்ட்டையும் பழையதாக வாங்குவது வீண்செலவு.

வாங்கும் முறையைப் பற்றியும் சில சொற்கள். நம் நாட்டில் தனியார் காருக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை கிடையாது. கைமாறும்போது மட்டுமே ரோட்வொர்த்தி சான்றிதழ் தேவை. ஆகவே கடந்த பல ஆண்டுகளாக ஒரு வண்டி எந்த நிலையில் ஓடியது என்பதற்கு அரசுப் பதிவு எதுவும் இருக்காது. சர்வீஸ் புத்தகமும் ரசீதுகளும்தான் சாட்சி. பதிவுச் சான்றிதழில் கோட் 3 என்றிருந்தால் அது ஒருமுறை சிதைந்து மறுபடி கட்டப்பட்ட வண்டி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் மாகாணத்தில் நீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. அதனால் தரைவிரிப்பைத் தூக்கி அடியில் வண்டல் படிந்திருக்கிறதா, இருக்கையின் தண்டவாளம் துருவேறியிருக்கிறதா என்று பார்ப்பது வீண்போகாது. வியாபாரியிடம் வாங்கினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறைக்குப் பரிகாரம் கேட்கலாம். தனியாரிடம் 'ஃபூட்ஸ்டூட்ஸ்', அதாவது உள்ளது உள்ளபடியே, என்று எழுதி வாங்கினால், விற்றவர் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தாலொழிய எதுவும் கேட்க முடியாது. காப்பீட்டையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்: எரிபொருள் வரியிலிருந்து நடக்கும் சாலை விபத்து நிதி உடற்காயத்துக்குத்தான் ஈடு தரும், மோதிய வண்டிக்குத் தராது. இளம் ஓட்டுநருக்கு இத்தகைய வண்டிகளின் பிரீமியம் கசக்கும்.

கேள்வி கேட்ட இளைஞர் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் அதிகாலையில், எஞ்சின் ஆறியிருக்கும் நேரத்தில் போகட்டும். தான் வந்து பார்க்கும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முதல்நாளே சொல்லிவைத்து, போனவுடன் பானட்டின்மேல் கையை வைத்துப் பார்க்கட்டும். சூடாக இருந்தால், குறையை மறைக்க முன்பே ஓட்டிவைத்திருக்கலாம்; மேற்கொண்டு பேசாமல் திரும்பிவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.