காபில க்ரீம் முங்கின கதை

டேய் மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். முட்டி ஆபரேஷன் ஆகி வாக்கர் இல்லாம மொட்டமாடி வரைக்கும் ஏறிட்டியாமே, சந்தோஷம்டா, ஆனா அதுக்குள்ள வண்டி எடுத்தேன்னு சொன்ன பாரு, அதுக்கு உன்ன நேர்ல வந்து நாலு சாத்து சாத்தணும்.

இங்க அயர்லாந்துல, லிம்ரிக்ல நாலரைக்கெல்லாம் இருட்டிடுது. கிறிஸ்மஸ் வழக்கம் போல சம்பந்தி வீட்லதான். வான்கோழி, மூணு விதமா உருளக்கெழங்கு, புட்டிங் எல்லாம் முடிஞ்சு ஆளாளுக்கு சோபால சாஞ்ச அப்புறம் சம்பந்தி எந்திரிச்சு ஐரிஷ் காபி போடுவாரு, அவங்கப்பா காலத்து வழக்கமாம், வீட்டுக்கு மூத்தவருதான் போடணும், வேற எவனும் கரண்டிய தொடக்கூடாது. இந்த வருஷம் பாவம் மனுஷன் ஐஸ்ல வழுக்கி வலது கைல மாவுக்கட்டு. மருமகன் போடுவான்னு பாத்தா, "நீங்கதான் காபி ஊர்க்காரர் ஆச்சே, நீங்க போடுங்க"ன்னு என்ன கோத்து விட்டுட்டாரு. கும்பகோணத்துக்காரன்கிட்ட காபி போடத் தெரியுமான்னா எப்டி இருக்கும், ரோஷமா எந்திரிச்சுட்டேன்.

அவரு சேர்ல உக்காந்து ஆர்டர் போட நான் செஞ்சேன். மொதல்ல கிளாஸ்ல கொதிக்கிற தண்ணி ஊத்தி சூடு பண்ணி கொட்டணும். அப்புறம் ஒரு ஸ்பூன் பிரவுன் சுகர், சூடா கருப்பு காபி, சுகர் கரையற வரைக்கும் கலக்கி விஸ்கி ஒரு 50 மில்லி. க்ரீமுக்கு அவரு வெச்சிருக்க ஐடியா எனக்கு ரொம்ப புடிச்சுது, காலி ஜாம் பாட்டில்ல ஃபிரிட்ஜ் க்ரீம ஊத்தி மூடி குலுக்குறது, அவ்ளோதான். நம்ம தோச மாவு பதம், ஊத்துனா தடதடன்னு கொட்டக்கூடாது, கெட்டியாவும் நிக்கக்கூடாது. ஸ்பூன கவுத்து புடிச்சு அது முதுகு மேல மெல்ல விடணும்.

ஆறு கிளாஸ் சூப்பரா வந்துச்சு, கருப்புக்கு மேல வெள்ளையா கோடு போட்ட மாதிரி. ஏழாவது என்னோடது. எனக்குதான் சுகர் இருக்கே, அதனால கிளாஸ்ல சுகர் போடல, க்ரீம் விட்டேன், விட்ட க்ரீம் அப்டியே வெள்ளப் புகை மாதிரி சுருண்டு சுருண்டு கீழ எறங்கிடுச்சுடா! மொத்தமும் பால்காபி ஆயிடுச்சு. சம்பந்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. அப்புறம்தான் சொன்னாரு, சுகர் இனிப்புக்கு மட்டும் இல்லயாம், சாராயம் சேந்தா காபி லேசாயிடும், சுகர்தான் அத கனமாக்கி க்ரீம மேல தாங்குதாம். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவன்டா நான், இது கூட தோணல பாரு.

இதுக்கெல்லாம் மூலம் இங்க பக்கத்துல இருக்க ஃபாய்ன்ஸ்ங்கிற ஊருதான். யுத்தம் நடக்கறப்ப அட்லாண்டிக் தாண்டற பயணிகள் விமானம் பல அங்க ஆத்துத் தண்ணிலதான் எறங்குமாம். 1943 குளிர்காலத்துல ஒரு விமானம் கிளம்பிப் போயி மோசமான வானிலைல பாதி வழில திரும்பி வந்துச்சாம், குளுர்ல வெறச்சுப்போன பயணிங்களுக்கு அங்க சமையல்காரரா இருந்த ஜோ ஷெரிடன் காபில விஸ்கி கலந்து குடுத்தாராம், ஒருத்தர் இது பிரேசில் காபியான்னு கேக்க, இல்ல ஐரிஷ் காபின்னாராம். மியூசியத்துல இந்தக் கதைய சொல்றாங்க, அந்த விமானம் மாதிரி ஒண்ணு ஃபுல் சைஸ்ல செஞ்சும் வெச்சிருக்காங்க, உள்ள ஏறியே பாக்கலாம். 1952ல சான் பிரான்சிஸ்கோல புவெனா விஸ்டா கஃபேல இதயே போட்டுப் பாத்தப்ப அவங்களுக்கும் க்ரீம் முங்கிட்டே இருந்துச்சாம், பால் பண்ணை வெச்சிருந்த ஜார்ஜ் கிறிஸ்டோபர்னு ஒருத்தர், பின்னாடி அந்த ஊருக்கே மேயரானவரு, அவருதான் க்ரீம 48 மணி நேரம் வெச்சிருந்து அப்புறம் நுரைக்கச் சொன்னாராம். இத சம்பந்திகிட்ட சொல்லி, பாத்தீங்களா அமெரிக்காக்காரனுக்கே முங்குச்சுன்னேன், "அவன் சுகர் போட்டான்"ன்னாரு.

முங்குனதயும் நான் விடல, குடிச்சுட்டேன். பொண்ணு மொறைச்சா, ஒண்ணே ஒண்ணுதானேன்னேன்.

ஜூன்ல நீ வரப்ப சிக்கரி கலக்காத பொடி அரை கிலோ கொண்டு வா, நம்ம டிகாஷன்ல ஒரு தடவ போட்டுப் பாத்துடணும்னு அவரே கேட்டாரு. உன் வீட்ல தெரிஞ்சா திட்டுவாங்க, வெறும் காபின்னே சொல்லு. ரெண்டாவது முட்டி எப்ப?

உன்
ரூம் நம்பர் 14